தோர்னி மடத்துச் சுவடி: நிலவும் மருந்தும் வரைபடமும் ஒரே நூலில் ஏன்?

கேள்வி இதுதான்: இடைக்கால இங்கிலாந்தின் துறவிகள் எழுதிவைத்த அறிவியல் திரட்டுச் சுவடிகளில் நிலவுக் கணக்கு, உலக வரைபடம், மூலிகைக் குறிப்பு, ரகசிய எழுத்து எல்லாம் ஒன்றாகக் கிடக்கின்றன. கிடைத்ததையெல்லாம் அள்ளிப் போட்டுக் கட்டிவைத்தார்களா? இதை அறிவியல் என்று சொல்லலாமா?

பொதுவாகப் பேசினால் பிடிபடாது. ஒரே ஒரு சுவடியை எடுத்துக்கொள்கிறேன். ஆக்ஸ்ஃபோர்டில் செயின்ட் ஜான்ஸ் கல்லூரி நூலகத்தில் 17ஆம் எண்ணில் இருக்கும் சுவடி. இங்கிலாந்தின் கிழக்கே, கேம்பிரிட்ஜ் பக்கத்துச் சதுப்பு நிலத்தில் ஒரு சிறு தீவுபோல் இருந்த தோர்னி என்ற பெனடிக்ட் சபை மடத்தில், 1110ஆம் ஆண்டை ஒட்டி எழுதப்பட்டது. தோர்னி என்றாலே முட்செடித் தீவு என்றுதான் பொருள். பிரான்ஸிலிருந்து வந்த நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்து அரை நூற்றாண்டுகூட ஆகியிருக்கவில்லை.

177 ஏடுகள். ஓரடிக்கு மேல் உயரம். எல்லாம் பதப்படுத்திய தோல். தோலைச் சுண்ணாம்பு நீரில் ஊறவைத்து, மயிரை நீக்கி, சட்டத்தில் இழுத்துக் கட்டிச் சுரண்டிச் சுரண்டி மெலிதாக்கவேண்டும். ஒரு தோலில் இந்த அளவு ஏடு நான்கு கிடைத்ததாக வைத்துக்கொண்டாலும், நாற்பதுக்கு மேற்பட்ட கால்நடைகளின் தோல் இந்த ஒரு நூலுக்குள் போயிருக்கிறது. சதுப்பு நடுவில் இருந்த ஒரு மடம் இவ்வளவு செலவு செய்து கண்டதையும் சேர்த்துவைக்காது. இதற்குள் ஒரு திட்டம் இருக்கிறது. ஈஸ்டர் என்றைக்கு வரும் என்ற ஒரே கேள்விதான் அந்தத் திட்டம்.

இதைச் சற்று விரித்துச் சொல்லவேண்டும், ஏனென்றால் மற்றதெல்லாம் இதில்தான் தொங்குகிறது. இயேசு உயிர்த்தெழுந்த நாள் யூதர்களின் பாஸ்கா பண்டிகையை ஒட்டியது. பாஸ்கா நிலவைப் பார்த்து வருவது. ஆகவே ஈஸ்டருக்கு மூன்று நிபந்தனைகள்: இரவும் பகலும் சமமாக இருக்கும் வசந்த நாள் வந்திருக்கவேண்டும், அதன்பின் முழுநிலவு வந்திருக்கவேண்டும், அதற்கடுத்த ஞாயிறாக இருக்கவேண்டும். முதலாவது சூரியன் கணக்கு. இரண்டாவது நிலவின் கணக்கு. மூன்றாவது வாரத்தின் கணக்கு. இந்த மூன்றும் ஒன்றுக்கொன்று வகுபடாது. சூரிய ஆண்டு 365 நாளுக்குக் கொஞ்சம் மேல், நிலவின் மாதம் பன்னிரண்டு சேர்ந்தால் 354 நாள்தான், வாரமோ ஏழு. தவக்காலம் ஈஸ்டருக்கு வெகு முன்பே தொடங்கிவிடும் என்பதால் வானத்தைப் பார்த்துவிட்டு முடிவு செய்யவும் முடியாது. முன்கூட்டியே கணக்குப் போட்டாகவேண்டும். இந்தக் கணக்குக் கலைக்கு லத்தீனில் கம்ப்யூட்டஸ் என்று பெயர். அதற்காகத் திரட்டிய நூலையும் அப்படியே அழைத்தார்கள்.

வழி எப்படிக் கிடைத்தது என்றால், 19 சூரிய ஆண்டுகளும் 235 நிலவு மாதங்களும் ஏறக்குறைய ஒரே நீளம். அதாவது 19 ஆண்டுகளில் 12 ஆண்டுகளுக்குப் பன்னிரண்டு நிலவு மாதம், 7 ஆண்டுகளுக்குப் பதின்மூன்று. வார நாட்களோ 28 ஆண்டுக்கு ஒருமுறை அதே தேதிகளுக்குத் திரும்பும். 19ஐயும் 28ஐயும் பெருக்கினால் 532. ஆக 532 ஆண்டுகளுக்கு ஈஸ்டர் தேதிகளை எழுதிவைத்துவிட்டால், அப்புறம் முதலிலிருந்து தொடங்கினால் போதும்.

1110ஆம் ஆண்டையே போட்டுப் பார்ப்போம். இந்தச் சுவடி புதிதாக இருந்தபோது அந்த மடத்தில் ஓர் இளம் துறவி இதைத்தான் போட்டிருப்பான். 1110ஐ 19ஆல் வகு, மீதி 8. அதை 11ஆல் (365க்கும் 354க்கும் உள்ள வித்தியாசம்) பெருக்கு, 88. அதில் முப்பது முப்பதாகக் கழி, மீதி 28. அப்படியென்றால் மார்ச் 22 அன்று நிலவுக்கு வயது 28 நாள். மார்ச் 24இல் முப்பது நாள் முடிந்து, 25இல் அடுத்த நிலவுக்கு முதல் நாள். முழுநிலவாகக் கொள்ளும் அதன் பதினான்காம் நாள் ஏப்ரல் 7. அந்த ஆண்டு ஏப்ரல் 7 வியாழக்கிழமை. அடுத்த ஞாயிறு ஏப்ரல் 10. ஈஸ்டர் கணக்கு முடிந்தது. இவ்வளவையும் அவன் ரோமன் எண்களில் செய்தான் என்பதை நினைத்துப் பாருங்கள். 1110 அவனுக்கு எம்சிஎக்ஸ். ரோமன் எண்ணை வைத்துக்கொண்டு தாளில் வகுத்துப் பார்த்தவர்களுக்குத்தான் அந்தத் தலைவலி தெரியும்.

அதனால்தான் இந்தச் சுவடிக்குள் கணிதம் வந்தது. வாய்பாடு, ரோமானியர்களின் பின்னங்கள், அபாகஸ் என்னும் எண்ணுபலகையின் பெரிய வரைபடம் எல்லாம் இருக்கின்றன. இந்த எண்ணுபலகையை மணி கோத்த சட்டம் என்று நினைத்துவிட வேண்டாம். பத்து, நூறு, ஆயிரம் என்று நெட்டுக்குத்தாகக் கட்டம் போட்டு, கட்டத்துக்குள் காய் வைத்துக் கூட்டிக் கழிப்பது. ஏறத்தாழ இதே காலத்தில்தான் இங்கிலாந்து அரசரின் கருவூலமும் கட்டம்போட்ட துணி விரித்த மேசையில் காய் வைத்துக் கணக்குப் பார்க்கத் தொடங்கியது. அந்தக் கருவூலத்தின் பெயர் ஆவணங்களில் முதலில் தென்படுவது 1110இல்.

கணிதத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி விரல்கணக்கு. இதை எழுதியவர் பீட். வட இங்கிலாந்தில் ஜாரோ மடத்தில் வாழ்ந்து 735இல் இறந்த துறவி. காலக் கணக்கு பற்றி 725இல் அவர் எழுதிய பெரிய நூல்தான் தோர்னிச் சுவடியின் முதுகெலும்பு. அந்த நூலின் முதல் அத்தியாயமே விரல்களால் எண்ணைக் காட்டுவது எப்படி என்பதுதான். இடதுகையின் சுண்டுவிரலை உள்ளங்கைக்கு மடக்கினால் ஒன்று. கூடவே மோதிரவிரலையும் மடக்கினால் இரண்டு. நடுவிரலும் சேர்ந்தால் மூன்று. இப்போது சுண்டுவிரலை மட்டும் நிமிர்த்தினால் நான்கு. மோதிரவிரலையும் நிமிர்த்தினால் ஐந்து. நடுவிரலை நிமிர்த்தி மோதிரவிரலை மட்டும் மடக்கினால் ஆறு. பத்துகளுக்குக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும். அவை இரண்டின் நுனியும் மெல்லத் தொட்டுக்கொண்டால் முப்பது. இப்படி இடதுகையில் 99 வரை, வலதுகையும் சேர்ந்தால் 9,999 வரை காட்டலாம். அதற்கு மேல் நெஞ்சு, தொப்புள், தொடை என்று கையை வைக்கும் இடத்தைப் பொறுத்து எண் கூடும். இரண்டு கைகளையும் விரல்கோத்துப் பிடித்தால் பத்து லட்சம்.

கையைப் பஞ்சாங்கமாகவே மாற்றிவிடுவதையும் அவர் சொல்லிக்கொடுக்கிறார். உங்கள் கையைப் பாருங்கள். கட்டைவிரலில் இரண்டு கணு, மற்ற நான்கிலும் மும்மூன்று, மொத்தம் 14. ஐந்து விரல் நுனிகளையும் சேர்த்தால் 19. அது நிலவின் சுழற்சி. நுனிகளை விட்டுவிட்டு இரண்டு கைகளின் கணுக்களை எண்ணினால் 28. அது வார நாட்களின் சுழற்சி. ஈஸ்டருக்கு வேண்டிய இரண்டு எண்களும் ஒருவனுடைய கையிலேயே இருக்கின்றன. முதன்முதலில் இதைப் படித்தபோது நான் என் விரல்களை எண்ணிப் பார்த்துவிட்டுச் சற்று நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். புத்தகமும் எழுதுகோலும் கிடைக்காத ஓர் ஊர்ப் பாதிரியாரும் வயல்வெளியில் நின்றபடியே கணக்குப் போடலாம்.

சரி, கணிதம் வந்துவிட்டது. பூகோளம் எங்கிருந்து வந்தது? சம இரவு நாளைப் பற்றிப் பேசவேண்டுமென்றால் பகல் ஏன் கூடிக் குறைகிறது என்று சொல்லவேண்டும். அதைச் சொல்லவேண்டுமென்றால் பூமி உருண்டை என்று தொடங்கவேண்டும். பீட் அப்படித்தான் தொடங்குகிறார். தட்டுபோல் வட்டமில்லை, எல்லாப் பக்கமும் உருண்ட பந்துபோல் என்று தெளிவாகவே எழுதியிருக்கிறார். இடைக்காலத்தில் பூமியைத் தட்டை என்று நம்பினார்கள் என்று இன்றைக்கும் பலர் சொல்கிறார்கள். இந்தச் சுவடியைப் படித்த துறவிகள் அப்படி நம்பியிருக்க வழியே இல்லை. இதில் இருக்கும் உலக வரைபடம் கிழக்கை மேலே வைத்து, ஆசியா, ஐரோப்பா, ஆப்பிரிக்கா என்று மூன்றாகப் பிரித்து எழுதிய சிறிய குறிப்புப் படம். அதை வழிகாட்டும் படமாக எடுத்துக்கொண்டால்தான் குழப்பம்.

கடலும் அப்படியே. நிலவைக் கணக்கிடுகிறவர்கள் கடல் ஏற்றவற்றத்தை விடமுடியாது, அதிலும் கடலோரத்து மடத்தில் இருந்த பீட் விடவே மாட்டார். ஏற்றம் ஒவ்வொரு நாளும் முந்தைய நாளைவிட ஏறத்தாழ 47 நிமிடம் தாமதமாக வருகிறது என்று அவர் கணக்குச் சொல்கிறார். இன்றைய சராசரி சுமார் 50 நிமிடம். அதோடு, ஒரே கரையில்கூட ஓரிடத்தில் கடல் ஏறும்போது இன்னோரிடத்தில் இறங்கிக்கொண்டிருக்கும், ஆகவே துறைமுகத்துக்குத் துறைமுகம் தனி நேரம் வேண்டும் என்றும் எழுதினார். முன்னோர் நூலிலிருந்து பார்த்து எழுதியிருந்தால் இது வந்திருக்காது. கரையில் நின்று பார்த்தவர்களின் பேச்சு இது.

மருத்துவத்துக்கு வருவோம். சுவடியின் முதலிலும் கடைசியிலும் மருத்துவக் குறிப்புகளும் மூலிகைப் பெயர்களும் இருக்கின்றன. நம் கண்ணுக்கு இதுதான் ஒட்டாமல் தெரியும். அவர்களுக்கோ இரத்தம் எடுப்பது நிலவைப் பொறுத்தது. பீட் தன் திருச்சபை வரலாற்றில் ஒரு நிகழ்ச்சி சொல்கிறார். ஒரு கன்னியர் மடத்தில் ஒரு பெண்ணுக்கு இரத்தம் எடுத்து, கை வீங்கி, சாகும் நிலைக்குப் போய்விட்டாள். எப்போது எடுத்தீர்கள் என்று கேட்கிறார் ஆயர் ஜான். வளர்பிறை நான்காம் நாள் என்கிறார்கள். நிலவும் கடலும் ஏறும்போது இரத்தம் எடுப்பது எவ்வளவு ஆபத்து என்று பேராயர் தியோடர் சொல்லிக்கொடுத்திருக்கிறாரே, இப்படிச் செய்துவிட்டீர்களே என்று கடிந்துகொள்கிறார். அந்தப் பெண் பிழைத்துவிட்டாள். நிலவு கடலை இழுப்பதைக் கண்ணால் பார்த்தவர்கள், உடம்பிலுள்ள நீரையும் அது இழுக்கும் என்று எண்ணினார்கள். முடிவு தவறு. ஆனால் ஒரே காரணத்தைக் கொண்டு இரண்டு விஷயங்களை விளக்கப் பார்த்திருக்கிறார்கள், அந்த முயற்சியை நான் மதிக்கிறேன். ஆகவே இரத்தம் எடுக்கும் வைத்தியனுக்கும் அன்றைய நிலவின் வயது தெரியவேண்டும், அது கம்ப்யூட்டஸ் நூலில்தான் இருக்கும். இத்தகைய சுவடிகளின் நாட்காட்டிகளில் எகிப்திய நாட்கள் என்று மாதத்துக்கு இரண்டாக ஆண்டுக்கு 24 ஆகாத நாட்கள் குறித்திருக்கும். அந்த நாட்களில் இரத்தம் எடுக்கக் கூடாது. அதை நான் அறிவியல் கணக்கில் சேர்க்கமாட்டேன், ஆனால் நாட்காட்டியில் அது ஏன் உட்கார்ந்திருக்கிறது என்பது புரிகிறது.

இவை எல்லாம் ஒரே திட்டம்தான் என்று சந்தேகமில்லாமல் காட்டுவது 7ஆம் ஏட்டின் பின்பக்கம். பக்கம் முழுவதும் ஒரே படம், சாய்சதுரமும் வளைவுகளுமாக. இதை வரைந்தவர் ராம்சி மடத்துத் துறவி பிர்ட்ஃபெர்த் என்று படத்தின் தலைப்பே சொல்கிறது. ராம்சி அதே சதுப்பு நிலத்தில் தோர்னிக்கு அருகே இருந்த மடம். பிர்ட்ஃபெர்த் வாழ்ந்தது இந்தச் சுவடிக்கு ஒரு நூற்றாண்டு முன்பு. பிரான்ஸின் ஃப்ளூரி மடத்துப் பேரறிஞர் அபோ 985 முதல் 987 வரை ராம்சியில் தங்கிப் பாடம் சொன்னபோது அவரிடம் படித்தவர். பிற்பாடு, லத்தீனில் தடுமாறும் பாதிரியார்களுக்காகக் கம்ப்யூட்டஸை அன்றைய ஆங்கிலத்திலும் விளக்கி ஒரு கையேடு எழுதினார். அறிவைத் தனக்குள் பூட்டிக்கொள்ளாத மனிதர்.

படத்தின் நான்கு மூலைகளில் நான்கு திசை. ஒவ்வொன்றோடும் ஒரு பருவம், நிலம், நீர், தீ, காற்று என்ற பூதங்களில் ஒன்று, மனித வாழ்வில் ஒரு கட்டம். பிள்ளைப்பருவம் 14 வயது வரை, வளர்பருவம் 28 வரை, இளமை 48 வரை, முதுமை 70 அல்லது 80 வரை. சுற்றிலும் பன்னிரண்டு ராசி, பன்னிரண்டு மாதம், பன்னிரண்டு காற்றுகளின் பெயர். இடையே ஆதாம் என்ற பெயரின் நான்கு எழுத்துகள், ஏனென்றால் கிழக்கு, மேற்கு, வடக்கு, தெற்கு என்பவற்றின் கிரேக்கப் பெயர்களின் முதலெழுத்துகளைச் சேர்த்தால் ஆதாம் வரும்: அனடோலே, டிசிஸ், ஆர்க்டோஸ், மெசெம்பிரியா. நாற்பத்தெட்டு வயதுவரை ஒருவனை இளைஞன் என்று அழைத்த ஊர் எனக்குப் பிடித்திருக்கிறது. ஒரு துறவி இந்தப் படத்தின் முன் உட்கார்ந்தால், சூரியன் எங்கே, மாதம் எது, காற்று எந்தப் பக்கம், தன் வயதுக்கு எந்தப் பருவம் என்று எல்லாவற்றையும் ஒரே பார்வையில் தொட்டுச் செல்லலாம். திரட்டு நூலுக்குள் இருக்கும் நூறு துண்டுகளும் எப்படிப் பொருந்துகின்றன என்பதற்கு அவர்களே போட்ட பொருளடக்கம் இது.

ரகசிய எழுத்துகள்? அதற்கு என்னிடம் அவ்வளவு உறுதியான விளக்கம் கிடையாது. வட ஐரோப்பாவின் பழைய ரூனிக் எழுத்து, அயர்லாந்தின் ஓகம் எழுத்து முதலியவை இந்தப் படத்துக்கு இரண்டு ஏடுகள் முன்னால் வரிசையாக எழுதப்பட்டிருக்கின்றன. எண்ணுக்கு எழுத்தும் எழுத்துக்கு எண்ணும் மாற்றிப் பழகியவர்களுக்கு எழுத்துகளின் மீதே ஒரு ஆசை வந்துவிடும் என்று நினைக்கிறேன். பீட்கூட விரல்கணக்கைச் சொல்லி முடித்ததும், ஒவ்வோர் எண்ணுக்கும் ஓர் எழுத்தைக் கொடுத்தால் விரல்களாலேயே சத்தமில்லாமல் பேசிக்கொள்ளலாம் என்று வழி காட்டுகிறார்.

இனி அறிவியலா என்ற கேள்வி. நான் ஆம் என்றுதான் சொல்வேன், ஒரு காரணத்தால்: இவர்களுடைய கணக்கு வானத்தோடு மோதும்போது அதை அவர்கள் கவனித்தார்கள். ஆண்டுக்கு 365.25 நாள் என்று அப்போது புழங்கிய ஜூலியன் நாட்காட்டியின் கணக்கு உண்மையான ஆண்டைவிடச் சற்றே நீளம். 128 ஆண்டுக்கு ஒரு நாள் பிசகும். நிலவின் 19 ஆண்டுச் சுழற்சியும் சுமார் 300 ஆண்டுக்கு ஒரு நாள் பிசகும். மார்ச் 21 என்று எழுதிவைத்த சம இரவு நாள் 1110 வாக்கில் உண்மையில் மார்ச் 14ஐ ஒட்டி வந்துகொண்டிருந்தது. அட்டவணை சொல்லும் வயதைவிட நிலவு சில சமயம் மூப்பாகத் தெரிகிறதே என்று பீட்டே ஓர் அத்தியாயம் எழுதியிருக்கிறார்.

அந்த 1110ஆம் ஆண்டிலேயே ஒரு சோதனை வந்தது. மே 5 இரவு முழுச் சந்திர கிரகணம். தோர்னிக்கு அடுத்திருந்த பீட்டர்பரோ மடத்தின் ஆண்டுக்குறிப்பு அதைச் சொல்கிறது: மாலையில் ஒளிவிட்ட நிலவு கொஞ்சம் கொஞ்சமாக மங்கி, இரவானதும் ஒளியோ வட்டமோ எதுவுமே தெரியாமல் அணைந்துபோய், விடியப்போகும்போதுதான் முழு ஒளியோடு திரும்பியது. வழக்கமாகக் கிரகணத்தில் செம்புநிறமாவது தெரியும். இதில் அதுவும் இல்லை. அக்காலத்து எரிமலைத் தூசு வானில் பரவியிருந்ததே காரணம் என்று இன்றைய ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். மேலே போட்ட கணக்கையே தொடர்ந்து பார்த்தேன். ஈஸ்டர் நிலவுக்கு 29 நாள், ஏப்ரல் 23இல் அடுத்த நிலவு, மே 5 அன்று அதற்கு வயது 13தான். அட்டவணைப்படி முழுநிலவு மறுநாள். கிரகணமோ முழுநிலவில் மட்டுமே வரும். சதுப்பு நிலத்து மடங்களில் கணக்குத் தெரிந்த ஒருவர் அன்றிரவு விழித்திருந்தால், தோல் ஏட்டில் இருப்பதும் வானத்தில் நடப்பதும் ஒத்துப்போகவில்லை என்பதைத் தன் கண்ணாலேயே பார்த்திருப்பார்.

பார்த்துவிட்டு ஏதாவது செய்தவர் ஒருவரை நமக்குத் தெரியும். மேற்கு இங்கிலாந்தின் மால்வர்ன் மடத்துத் தலைவர் வால்ச்சர். 1091இல் இத்தாலியில் ஒரு சந்திர கிரகணம் பார்த்தார். ஊர் திரும்பியதும், இங்கே இருந்த ஒரு துறவி அதையே வேறு நேரத்தில் பார்த்திருப்பது தெரியவந்தது. தான் பார்த்த நேரத்தைத் துல்லியமாகக் குறிக்காமல் விட்டோமே என்று வருந்தினார். அடுத்த ஆண்டு அக்டோபர் 18இல் இன்னொரு கிரகணம் வந்தபோது ஆஸ்ட்ரோலேபை எடுத்துக்கொண்டு போய் நிலவின் உயரத்தை அளந்து நேரம் குறித்தார். அதிலிருந்து 1036 முதல் 1112 வரைக்கும் நிலவுப் பட்டியல் போட்டார். அவரும் வளர்ந்தது கம்ப்யூட்டஸ் நூல்களில்தான். நாட்காட்டியின் பிழை திருத்தப்பட்டது 1582இல். இங்கிலாந்து அதை ஏற்க 1752 வரை ஆனது. ஆனால் பிழை இருக்கிறது என்று சொல்லிக்கொடுத்தவை, தப்பான எண்களோடு இருந்த இந்தத் திரட்டு நூல்களே.

நீங்களே பார்க்கலாம். மெக்கில் பல்கலைக்கழகம், இடைக்கால மருத்துவ வரலாற்றறிஞர் ஃபெய்த் வாலிஸ் முன்னின்று நடத்திய பணியாக, சுவடி முழுவதையும் விளக்கத்தோடு இணையத்தில் வைத்திருக்கிறது. 7ஆம் ஏட்டின் பின்பக்கத்தில் தொடங்குங்கள். அப்புறம் 139ஆம் ஏட்டிலிருந்து வரும் ஈஸ்டர் அட்டவணைக்குப் போங்கள். நெடுக எண்கள்தான், ஆனால் ஓரங்களில் அந்தந்த ஆண்டுக்கு நேராகப் பொடி எழுத்தில் தோர்னி மடத்துக்காரர்கள் நடந்தவற்றைக் குறித்துவைத்திருக்கிறார்கள். 143ஆம் ஏட்டோடு அது திடீரென்று நிற்கும். அடுத்த ஐந்து ஏடுகள் எப்போதோ கழன்று காட்டன் என்பவரின் சுவடிச் சேகரிப்புக்குப் போய், இப்போது லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் வேறொரு சுவடியின் கட்டுக்குள் இருக்கின்றன.